கிழவனைக் குடைந்தது யார்?

"பிடி, மிஷ்" என்றார் ரெஜினா மேடம்.

இரண்டு கைகளையும் நீட்டி, முழங்காலை மடக்கி, முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். கொக்கியிலிருந்து அவர் இறக்கிக் கொடுத்தது ஒரு பன்றியின் ஒரு பக்கம் முழுவதும். உப்பிட்டு, புகையில் காய்ந்து, ஆறு வருடமாகத் தொங்கும் உப்புக்கண்டம். மெழுகுவர்த்தி நிறம். முப்பது கிலோவாவது இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கைக்கு வந்தபோது ஒரு தொப்பியின் எடைதான் இருந்தது.

"மேடம், இது கண்டம் இல்ல. கண்டத்தோட போட்டோ."

"திருப்பிப் பாரு."

திருப்பினேன். முன்பக்கம் ஒரு பிரபுவைப் போல இருந்தது. பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. யாரோ உள்ளே இருந்த அத்தனையையும் குடைந்து எடுத்துவிட்டு, ஒரு விரல் தடிமனுக்கு முகப்பை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

இது நடந்தது 1934 செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. இடம் ஷாட்டன்பாக், மேல்தெரு, தேவாலயத்தின் மதில்மேல் இருக்கும் கண்டக் கோபுரம். நான் மிஷ் கெல்ப், வயது இருபத்தாறு. க்ரோன்ஷ்டாட் நகரில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ரெஜினா தார்ட்லர் மேடத்தின் உதவியாளன். செவ்வாய், வியாழன் மாலைகளில் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போகிறேன். கேட்டதையெல்லாம் எழுதிவிடுவேன். அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம்.

மேல்தெருவில் நாற்பத்தோரு குடும்பங்கள். அத்தனை குடும்பங்களின் கண்டமும் இந்தக் கோபுரத்தில்தான் தொங்குகிறது. பழைய காலத்தில் எதிரிகள் வந்தபோது ஊரே மதிலுக்குள் ஓடி ஒளிந்தது. எதிரிகள் போய் இருநூறு வருடம் ஆகிவிட்டது; கண்டம் மட்டும் வீடு திரும்பவில்லை. சுவர் தடிமன், உள்ளே குளிர்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் கோபுரம் திறக்கும். வீட்டுக்கு ஒருவர் கத்தியோடு படியேறி, தன் கண்டத்தைத் தூக்கி வாசல் மேசைக்குக் கொண்டுவந்து, வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்வார். வெட்டிய விளிம்பில் காவல்காரி முத்திரை குத்துவார். அதன் பிறகு அடுத்த ஞாயிறு வரை யாரும் தொட முடியாது. ஆராதனைக்கு வராதவருக்குக் கண்டமும் கிடையாது. ஷாட்டன்பாக்கின் பக்தி மாவட்டம் முழுக்கப் பிரசித்தம்.

என் கையில் இருந்த கண்டத்துக்குக் 'கிழவன்' என்று பெயர். சபைத் தலைவர் ஸ்டெஃபான் மார்க்கெலுடையது. அதைச் சாப்பிடுவதற்காக அவர் தொங்கவிடவில்லை. ஆறு வருடமாக வெட்டாத கண்டம் ஒரு வீட்டில் இருக்கிறது என்றால் அந்த வீடு எப்பேர்ப்பட்ட வீடு என்று ஊர் புரிந்துகொள்ளும். அதற்காகத்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு பள்ளிக்கூட ஆய்வாளர் ஒருவர் விருந்தாளியாக வந்தார். தலைவர் அவரைக் கோபுரத்துக்கு அழைத்துப்போய், முழுப் பலத்தோடு கிழவனைத் தூக்கியிருக்கிறார். எடை இல்லாத பொருளை முழுப் பலத்தோடு தூக்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. தலைவர் ஏழு படி பின்னால் போனார். கிழவன் ஆய்வாளரின் மடியில் உட்கார்ந்தான்.

கோபுரத்தின் சாவி ஒன்றே ஒன்று. அது காவல்காரி அக்னேதா சிகெலியிடம் இருக்கிறது. எனவே திருடி அவர்தான் என்று சபை அன்றே முடிவு செய்துவிட்டது.

அக்னேதா வாசலில் கைகட்டி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்தபின் பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. கோபுரத்தடியில் மதிலை ஒட்டி இரண்டு அறை, எட்டுத் தேன்பெட்டி. அவ்வளவுதான் அவருடைய உலகம். நாளை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்துவிட்டு, எங்காவது நகரத்தில் வீட்டு வேலை தேட வேண்டும்.

"ஒரு சீவல்கூட எடுத்ததில்லங்க" என்றார். "நம்பினா நம்புங்க. எனக்குத் தேன்பெட்டிகிட்ட வேலை இருக்கு."

"ஒரே ஒரு கேள்வி" என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை நீங்க எங்க நிப்பீங்க?"

"இதோ, இந்த மேசைகிட்ட. முத்திரையை விட்டு நகர மாட்டேன்."

"இங்கருந்து கிழவனோட முதுகு தெரியுமா?"

"முகம்தான் தெரியும். படிக்கட்டு அவனுக்குப் பின்னாடி வளைஞ்சு போகுது. மேல போறவங்க எல்லாரும் அவன் முதுகை உரசிக்கிட்டுத்தான் போகணும்."

குடைந்த இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதினேன். வெட்டுகளில் ஒழுங்கில்லை. சில மெல்லியவை, சில தடித்தவை, ஓரிடத்தில் கரண்டியால் தோண்டியது போல இருக்கிறது. முடிவு: திருடன் குடிகாரன். அல்லது கை நடுங்குபவன். அல்லது என்று இன்னொரு முறை எழுதினேன். எதுவும் தோன்றாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

"சுவை எப்படி இருக்கும்?" என்றார் மேடம்.

அது கேள்வி இல்லை, உத்தரவு. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். சிறிது நேரம் என் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"நாய்க்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தாங்க" என்றார் அக்னேதா. "ரெண்டு நாள் அது வீட்டுப் பக்கமே வரல."

மேடம் சிரிக்கவில்லை. "அப்ப பசிக்காக எடுக்கல. முப்பது கிலோ திங்க முடியாத கொழுப்பு. வேற எதுக்கு, மிஷ்?"

"பூட்ஸுக்குப் போட்டுத் தேய்க்கலாம் மேடம்."

"முப்பது கிலோவுக்கு எத்தனை கால் வேணும்?"

அதையும் எழுதிக்கொண்டேன்.

சபைத் தலைவர் மார்க்கெல் தேவாலயத்துக்குள் எங்களுக்காகக் காத்திருந்தார். பெரிய மீசை, பெரிய வெள்ளிப் பொத்தான்கள். விழுந்ததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். மேடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க மேடத்துக்குச் சொல்லுங்க. விசாரிக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்ல. போதகர்தான் இரக்கப்பட்டு உங்களுக்கு லெட்டர் போட்டுட்டாரு."

மேடம் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். "மிஷ், தலைவர்கிட்ட கேளு. அக்னேதா எவ்வளவு எடுத்தாங்கன்னு நினைக்கிறாரு?"

ஒரே மொழி பேசும் இருவருக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பது அதுதான் எனக்கு முதல் முறை. "எவ்வளவுன்னு கேக்கறாங்க ஐயா."

"எவ்வளவா? முழுசும்! ஒரு துளி விடாம முழுசும்!"

"இந்த இருக்கையெல்லாம் அழகா இருக்குன்னு சொல்லு" என்றார் மேடம்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. இருக்கைகளைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்கு இடுப்பு வலி மறந்துவிடும் போலிருந்தது. ஒவ்வொன்றும் மடக்குப் பலகை. உட்காரும்போது கீழே வரும், எழுந்தால் மேலே போகும். இரண்டு பக்கமும் இரும்புக் கீல். முந்நூற்று எண்பது வருடப் பழசு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கென்று சொந்த இருக்கை, பலகையில் பெயர் சுட்டு வைத்திருக்கிறது. மூத்தவர் முன்னால், இளையவர் பின்னால், காவல்காரி கடைசியில் கதவோரம்.

"முன்னாடியெல்லாம் பாட்டுக்கு எழுந்திரிச்சா பன்னி அறுக்கற மாதிரி ஒரு சத்தம் வரும் தம்பி. எல்லாக் கீலும் ஒண்ணாக் கத்தும். அது முடிஞ்சப்புறம் தனியா ஒரு கீல் கத்துச்சுன்னா, அவன் தூங்கிட்டு லேட்டா எழுந்திரிக்கிறான்னு அர்த்தம். நான் பேரை எழுதி வச்சுத் தெருக் கூட்டத்துல படிச்சிடுவேன்."

"யாரும் எதிர்ப்புச் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்களே! கீலுக்கு எண்ணெய் போடணும்னு மனு. பத்தொம்பது கூட்டம் நடந்தது. வாத்துக் கொழுப்பா, ஆளி எண்ணெயா, சபைச் செலவா, அவங்கவங்க செலவா... பத்தொம்பதாவது கூட்டத்துல நான் ஒரே வார்த்தைல முடிச்சிட்டேன். சபை தீர்மானம் இல்லாம ஒரு கீலைத் தொடக்கூடாது. சத்தம் போனா ஒழுங்கு போயிடும்."

"இப்ப எப்படின்னு கேளு, மிஷ்."

"இப்பவா? ஒரு வருஷமாச்சு, ஒருத்தன் பேரைக்கூட எழுத வேண்டியதில்ல. கண்டிப்புன்னா அது! ஆண்டறிக்கைல மூணு பக்கம் எழுதியிருக்கேன்."

குறிப்பு: தலைவருக்குத் தற்பெருமை அதிகம். வழக்குக்குச் சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் இல்லை என்பதன் கீழே எதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டேன். பிறகு அதை அடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று பேரைப் பார்த்தோம். அக்னேதா எவ்வளவு எடுத்திருப்பார் என்ற அதே ஒரு கேள்வியைத்தான் மேடம் எல்லாரிடமும் கேட்டார்.

வண்டிச் சக்கரம் செய்யும் ஹான்ஸ் பார்த்மெஸ் இழைப்புளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "அக்னேதாவா? பாவம், நல்லவதான். ஆனா சாவி அவகிட்டதானே இருக்கு? முக்காலே மூணு வீசம் அவதான் எடுத்திருக்கணும்."

"உங்க தொழில்ல கொழுப்பு தேவைப்படுமே மாமா, அச்சுக்கு" என்றேன் நான், கண்ணைச் சிமிட்டி.

"தம்பி, அச்சுக்குத் தார் போடுவாங்க. பட்டணத்துல உங்களுக்கு அதுகூடச் சொல்லித் தரலையா?"

தலைவரின் மனைவி ரோசினா அடுப்பிலிருந்து பெரிய தட்டில் பால்கட்டி ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு துண்டு தந்தார். மேடத்துக்கு இரண்டு. "என்னத்தைச் சொல்ல? வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் 'கிழவா, கிழவா'ன்னு முனகறார். எங்கப்பா செத்தப்பகூட அந்த மனுஷன் இப்படி அழல. ஒரு கொஞ்சம் போக மத்ததெல்லாம் அவதான் எடுத்திருப்பா."

"அந்தக் கொழுப்பை நீங்க சமையலுக்கு எடுத்ததே இல்லையா?" என்றேன் நான்.

"தொட விட்டாத்தானே? வருஷம் முழுக்க முட்டைக்கோஸ் தின்னுட்டு, ஞாயித்துக்கிழமை போய் அண்ணாந்து பார்த்துட்டு வருவோம்."

கடைசியாகப் போதகர் சிமோனிஸ். எங்களை வரவழைத்தவரே அவர்தான். மெலிந்த மனிதர். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அந்த அம்மா குற்றவாளின்னு என் மனசு ஒப்பல மேடம். ஒரு ஏழை விதவையை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தி அனுப்பப் போறாங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

"ஒருவேளை குற்றவாளியா இருந்தா, எவ்வளவு எடுத்திருப்பாங்க?"

போதகர் கூரையைப் பார்த்தார். "அப்படி இருந்தா... பெரும்பகுதி. ஆமா, பெரும்பகுதி."

மாலை ஐந்து மணி. சத்திரத்து முற்றத்தில் வெங்காயமும் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கண்டம் வேண்டுமா என்று சத்திரக்காரர் கேட்டார். நான் அவசரமாக மறுத்தேன்.

மேடம் என் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டார்.

"தலைவர் என்ன சொன்னாரு?"

"முழுசும்."

"பார்த்மெஸ்?"

"முக்காலே மூணு வீசம்."

"ரோசினா?"

"ஒரு கொஞ்சம் போக."

"போதகர்?"

"பெரும்பகுதி."

"பத்து வருஷமா திருட்டு விசாரிக்கறேன், மிஷ். திருடினவங்களைப் பத்தி ஊர்ல கேட்டா எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாங்க. முட்டை போச்சுன்னா கோழியும் போச்சும்பாங்க. இந்தத் தெருவுல மட்டும் ஏன் குறைச்சுச் சொல்றாங்க? மிச்சத்தை எடுத்தது யாரு?"

யோசித்தேன். "எலி."

"எலி கரண்டியால தோண்டாது."

அவர் நோட்டை மூடினார். "நாளைக்குக் கோயில்ல நீ ஜெபம் பண்ண வேணாம். காதுல விழற ஒவ்வொரு சத்தத்தையும் எழுது. ஒண்ணும் விடாதே. அதுல உன்னை மிஞ்ச ஆள் இல்ல."

அது பாராட்டா என்று நடந்தே அறைக்குப் போகும்வரை யோசித்தேன். முடிவு எடுக்க முடியவில்லை.

ஞாயிறு, காலை ஒன்பதரை. தேவாலயம் நிரம்பியிருந்தது. எல்லார் பூட்ஸும் பளபளத்தன. எல்லார் இடுப்பிலும் உறையில் ஒரு கத்தி இருந்தது. ஆராதனை முடிந்ததும் நேராகக் கோபுரத்துக்குப் போக வேண்டுமல்லவா. அக்னேதா கடைசி இருக்கையில், கதவோரம், சாவியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அவருக்கு முன் வரிசையில் இருந்தவர்கள் அவர் பக்கம் முதுகு காட்டுவதில் மிகக் கவனமாக இருந்தார்கள்.

விருந்தாளிகளுக்கான மர முக்காலியில் உட்கார்ந்து எழுதினேன். 9.41, இருமல், நடு வரிசை. 9.43, குழந்தை அழுகை. 9.44, குழந்தையின் தாயை அதட்டும் மாமியார். 9.50, முதல் பாட்டு, அனைவரும் எழுந்தார்கள். கீல் சத்தம்: ஒன்று, கடைசி வரிசை, அக்னேதா. 10.05, அனைவரும் அமர்ந்தார்கள். கீல் சத்தம்: ஒன்று, அக்னேதா. 10.20, குறட்டை, முன் வரிசை, வெள்ளிப் பொத்தான்கள். 10.31, இரண்டாம் பாட்டு. கீல் சத்தம்: ஒன்று, அக்னேதா. தலைவர் எல்லாரும் எழுந்து வெகுநேரம் கழித்து எழுந்தார். சத்தம் இல்லை.

எனக்கு உடல் சிலிர்த்தது. முடிவை எழுதிக் கிழித்து மேடத்திடம் நீட்டினேன்: 'அக்னேதா மட்டும் நிலைகொள்ளாமல் அசைகிறார். குற்ற உணர்ச்சி.'

மேடம் படித்துவிட்டு அடியில் எழுதித் திருப்பினார்: 'முட்டாளே. நன்றி.'

ஆசி முடிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. தலைவர் மார்க்கெல் எழுந்து நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அக்னேதா சிகெலி. சாவியை எடுத்துக்கிட்டு முன்னாடி வா."

கிரீச் என்றது கடைசி இருக்கை. அக்னேதா நடந்து வந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சாவியை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மேடம்.

"தம்பி, உங்க மேடத்துக்குச் சொல்லுங்க..."

"எனக்குக் காது நல்லாக் கேக்குது தலைவரே. அதனாலதான் எழுந்தேன். போதகரே, ஒரு உதவி. எல்லாரையும் ஒரு தடவை எழுந்து உக்காரச் சொல்லுங்க. பாட்டு வேணாம். ஆர்கன் வேணாம். சும்மா."

போதகர் குழம்பினார். ஆனாலும் கையை உயர்த்தினார். நாற்பது குடும்பங்கள் எழுந்தன, அமர்ந்தன.

ஒரு சத்தமும் இல்லை. வெளியே எங்கோ வாத்து கத்துவது கேட்டது.

"நன்றி. இப்ப அக்னேதா, நீங்க மட்டும் போய் உங்க இடத்துல உக்காந்து எழுந்திரிங்க."

அக்னேதா திரும்பி நடந்தார். உட்கார்ந்தார். கிரீச். எழுந்தார். கிரீச். தேவாலயத்தின் கூரை வரை போய்த் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

"முந்நூத்தி எண்பது வருஷத்துக் கீலு" என்றார் மேடம். "நாப்பது இருக்கை பூனை நடக்கற மாதிரி இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கத்துது. தலைவரே, எண்ணெய் போடச் சபை எப்ப தீர்மானம் போட்டுச்சு?"

"போடவே இல்லையே!"

"அப்ப இதுங்கல்லாம் ஏன் கத்தல?"

"ஒழுங்கு... கண்டிப்பு..."

"கண்டிப்புக்கு ஆள் பயப்படும். இரும்பு பயப்படாது. உங்க இருக்கைக்கு அடியில கையை விடுங்க. கீலைத் தொட்டு மோந்து பாருங்க."

தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். கண்கள் விரிந்தன. அவர் குரலில் முதலில் வந்தது கோபம் இல்லை. பாசம்.

"கிழவன்!"

"என் உதவியாளர் நேத்தே எழுதி வச்சிருக்காரு" என்றார் மேடம். "வெட்டு சிலது மெல்லிசு, சிலது தடிசு, ஒண்ணு கரண்டியால தோண்டினதுன்னு. ஒரு ஆள் குடிச்சிட்டு வெட்டினதுன்னு அவர் நினைச்சாரு. அது ஒரு ஆளோட வேலை இல்ல. ஒரு கமிட்டியோட வேலை."

அந்த இரண்டாவது 'அல்லது'வை அடிக்காமல் விட்டது நல்லது என்று தோன்றியது.

பிறகு பார்த்மெஸ் மெதுவாக எழுந்தார். சத்தமில்லாமல்தான்.

"நான் ஒரே ஒரு விரலளவுதான் எடுத்தேன். போன வருஷம் ரெண்டு தடவை என் பேரைப் படிச்சாரு. பசங்க முன்னாடி. திங்கற கண்டத்துல நான் கை வச்சேனா? அதைத்தான் யாரும் திங்கப் போறதில்லையே!"

"நீயுமா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், ஆத்திரத்தோடு. "நான் மட்டும்தான்னு நினைச்சேனே! நான் அரை விரல்தான் எடுத்தேன்."

"அரை விரலா? உங்க இருக்கைக்குக் கீல் ரெண்டாச்சே!"

"ஒரு கரண்டி. சின்னக் கரண்டி" என்றது ஒரு பெண் குரல்.

ஐந்து நிமிடத்துக்கு என் பென்சில் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தான் எடுத்தது மிகக் கொஞ்சம் என்றார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் எடுத்ததைக் கேட்டு மனம் கொதித்தார்கள். தான் எடுத்த ஒரு விரல் போக மிச்சமெல்லாம் அக்னேதாதான் எடுத்திருக்க வேண்டும் என்று நாற்பது வீடும் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறது. தெரிந்து பொய் சொன்னவர் அங்கே ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆனா என் இருக்கை!" தலைவர் அலறினார். "என் இருக்கையில யாரு போட்டது? என் கிழவனை எடுத்து எனக்கே..."

"நான்தான்" என்றார் ரோசினா, பெண்கள் வரிசையிலிருந்து. "பிரசங்கத்துல தூங்கிட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசியா எழுந்திரிக்கிறது நீங்க. ஊர்க்காரன் பேரையெல்லாம் படிக்கிறீங்களே, உங்க கீல் கத்தறது தெரு முழுக்கக் கேட்டுச்சு. எனக்கு மானம் போச்சு. எடுத்தேன். ஒரு கொஞ்சம்தான்."

தேவாலயத்துக்குள் சிரிக்கக் கூடாது என்று மேல்தெருவில் கண்டிப்பான வழக்கம் உண்டு. அன்று அதற்கும் கீல் கழன்றுவிட்டது.

மேடம் பிரசங்க மேடையின் சின்னக் கதவருகே போய் அதைத் திறந்து மூடினார். சத்தம் இல்லை. போதகரைப் பார்த்தார்.

போதகர் சிமோனிஸ் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "ஒரு சீவல். ஈஸ்டருக்கு முன்னாடி."

"அதனாலதான் உங்க மனசு ஒப்பலையா?"

"அதனாலயும்தான்" என்றார் அவர், மிகச் சன்னமாக.

"அக்னேதா" என்று கூப்பிட்டார் மேடம். "உங்க கீலுக்கு மட்டும் நீங்க ஏன் போடல? உங்களுக்குத்தான் ரொம்ப வசதி. வாரம் முழுக்க சாவி உங்ககிட்ட."

அக்னேதா கடைசி வரிசையில் நின்றபடியே பதில் சொன்னார். "அதனாலதாங்க போடல. சாவி வச்சிருக்கிறவ எடுக்கக் கூடாது."

சபை உடனே அங்கேயே கூடியது. முதல் தீர்மானம்: சாவி அக்னேதாவிடமே இருக்கும், இரண்டு அறையும் தேன்பெட்டிகளும் இருக்கும், எக்காலத்துக்கும். இரண்டாவது தீர்மானம்: கிழவன் மீண்டும் முதல் கொக்கியிலேயே தொங்குவான். வசந்தத்தில் பிஷப் வருகிறார். முன்னாடி பார்த்தா நல்லாத்தானே இருக்கு என்றார் தலைவர். ஒருவரும் மறுக்கவில்லை.

மூன்றாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பார்த்மெஸ். அக்னேதாவின் இருக்கைக்குச் சபைச் செலவில், நல்ல வாத்துக் கொழுப்பு, இன்றே போட வேண்டும். பத்தொன்பது கூட்டத்தில் முடியாதது ஒரே நிமிடத்தில் முடிந்தது. நாற்பது கை உயர்ந்தது. தலைவரின் கையும் உயர்ந்தது.

"வேணாம்" என்றார் அக்னேதா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வாரமா நான் திருடி இல்லன்னு சொன்னேன். ஒருத்தர்கூடக் கேக்கல. அந்தக் கீல் சொன்னப்புறம்தான் கேட்டீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்லட்டும்."

அவர் இருக்கையைக் கீழே இறக்கி உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல். அந்தக் கிரீச் முடிய வெகுநேரம் ஆனது. மேல்தெரு தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டது.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கண்டம் வெட்டும் நேரம். எல்லார் கையும் இடுப்புக் கத்தியில் இருந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. சாவி போகாமல் யாரும் போக முடியாது. அக்னேதா சாளரத்தின் வழியே தன் தேன்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவரே நின்றபடி காத்திருந்தார்.

பிறகு அக்னேதா எழுந்தார். கிரீச்.

அதற்கப்புறம்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். சத்தமே இல்லாமல்.